ஓல்வென் உட்கார்ந்து வந்த வண்டி

என் அக்கா ஓல்வென் உயிர் போனது ஆஸ்பத்திரிக் கட்டிலில். ஆனால் அவள் எங்கே வாழ்ந்தாள் என்று யாராவது கேட்டால், முக்கால்வாசி அந்த ரைலி காரின் இடப்பக்க இருக்கையில் என்றுதான் சொல்வேன். பெருமையாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். எனக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. நான் ஆடு வளர்த்துப் பிழைக்கிறவள். வண்டி என்றால் மழையில் கிளம்ப வேண்டும், தீவன மூட்டை ஏற்ற வேண்டும், போன இடத்திலிருந்து திரும்பி வர வேண்டும். அந்தக் கார் இந்த மூன்றில் ஒன்றைக்கூட உறுதியாகச் செய்ததில்லை.

அக்காவைக் கட்டியவர் கிளிஃபோர்ட் பெடோஸ். வேல்ஸ் எல்லையோர ஊரான லட்லோவில் ஒரு கசாப்புக் கடையில் முப்பத்தெட்டு வருடம் மேசைக்குப் பின்னால் நின்றவர். சொந்தக் கடை இல்லை, சம்பள வேலைதான். பழைய கார் வைத்திருப்பவர் என்றால் பெரிய மாளிகை, நாலு வேட்டை நாய், வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. தபால்காரர் வைத்திருப்பார், பள்ளிக்கூட வாட்ச்மேன் வைத்திருப்பார். ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச்சில் முழங்கால் போடுகிறவர்களைவிடக் காருக்கு அடியில் மல்லாந்து கிடப்பவர்கள்தான் அதிகம்.

கல்யாணமான இரண்டாம் வருடம் ஒரு பண்ணைக் கொட்டகையில் வைக்கோலுக்கு அடியில் கிடந்த அந்தக் காரைக் கிளிஃபோர்ட் கண்டுபிடித்தார். 1930-இல் செய்த வண்டி. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. நாலு பேர் உட்காரும் மூடிய கார். மேல்கூடு இரும்பு இல்லை. ஆஷ் என்கிற மரத்தில் சட்டம் கட்டி, அதன்மேல் கறுப்புத் தோல்துணியை இழுத்துப் போர்த்தியிருந்தார்கள், குடைக்குத் துணி போடுவதுபோல. எஞ்சினை அவர் பிரித்தார். கிழிந்த துணியை என் அக்கா பிரித்தாள். புதுத் துணியை வெட்டி, இரண்டு குளிர்காலம் சமையல்கட்டு மேசையில் உட்கார்ந்து கையாலேயே தைத்தாள். உள்ளே கூரைக்கு அடிக்கும் துணி, சீட்டு உறை, கதவுப் பை எல்லாம் அவள் கைத் தையல்தான். அந்த இரண்டு குளிர்காலமும் நான் எப்போது போனாலும் அவள் விரல் நுனியில் பஞ்சு சுற்றியிருக்கும்.

பிறகு ஆரம்பித்தது ஊர்வலம். ஞாயிறு தவறாமல் இருவரும் கிளம்புவார்கள். ஆனால் "கிளம்புவது" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. அவர் முன்னால் குனிந்து இரும்புக் கம்பியைச் செருகிச் சுற்றுவார். அது ஒரு இருமல் இருமிவிட்டுச் சும்மா இருக்கும். மறுபடி சுற்றுவார். பெட்ரோலை மூக்கால் முகர்ந்து பார்ப்பார். ஏதோ ஒரு சின்னத் திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார். அரைமணி நேரம் கழித்து அது பிடித்துக்கொண்டால், கிளிஃபோர்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பிள்ளை முதல் வார்த்தை பேசிவிட்ட மாதிரி இருக்கும்.

ஓட்டுவது அவர், உழைப்பது என் அக்கா. மலை ஏற்றத்தில் வண்டி நின்றுபோனால் பிரேக்கை நம்ப முடியாது. அவள் கதவைத் திறந்து குதித்துப் பின்சக்கரத்துக்கு மரக்கட்டையை அணை கொடுக்க வேண்டும். மழை வந்தால் அவள் பக்கத்துக் கண்ணாடியைத் துடைக்கும் துடைப்பானைக் கையாலேயே ஆட்ட வேண்டும். கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமலிருக்கப் பாதி வெட்டிய உருளைக்கிழங்கை வைத்துத் தேய்க்க வேண்டும். கைப்பையில் லிப்ஸ்டிக் வைத்திருக்கும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். என் அக்கா உருளைக்கிழங்கு வைத்திருந்தாள்.

எங்கள் அம்மாவைப் புதைக்கிற அன்றைக்கு அந்தச் சனியனில்தான் வந்தார்கள். மேட்டில் ரேடியேட்டர் கொதித்து, ஓடையில் தண்ணீர் மொண்டு ஊற்றி, ஆறவைத்து, வந்து சேர்ந்தபோது பாதிரியார் கடைசி ஜபத்தில் இருந்தார். அக்காவின் கறுப்புக் கவுன் முழங்கால்வரை சேறு. கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே நான் பிடித்துக்கொண்டேன்.

"பெத்தவ போற அன்னிக்காவது பஸ்ல வரக் கூடாதா? அப்படி என்னடி சொகத்தக் கண்ட அந்தத் தகரத்துல?"

"தகரம் இல்லடி, துணி," என்றாள். அழுத கண்ணோடு சிரித்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அவரு கடையில பகல் பூரா எல்லார்கிட்டயும் பல்லக் காட்டிப் பேசிட்டு வர்றாரு, நெஸ்டா. வீட்டுக்கு வந்தா வாய் தொறக்க மாட்டாரு. கார்ல ஏறினாத்தான் பேசுவாரு. அந்த சத்தத்துல கத்திக் கத்தித்தான் பேசணும். கத்திப் பேசறப்ப மனுஷனுக்குப் பொய் வராது."

அவர்களுக்குக் குழந்தை இல்லை. மூன்று முறை தரித்து மூன்றும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலும் வீட்டிலும் கல்லு மாதிரி இருந்த மனிதர், மூன்றாவது போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேல்ஸ் எல்லைப் பக்கம் ஏதோ ஒரு சந்துச் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஓவென்று அழுதாராம். வண்டியை நிறுத்தவில்லையாம். அவள் இடப்பக்கத்திலிருந்து அவர் தோளைத் தடவிக்கொண்டே வந்தாளாம். இதைக் கேட்ட பிறகு அந்தக் காரைத் திட்டுவதை நான் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். அடியோடு விடவில்லை.

அக்கா போய்ச் சேர்ந்தது ஒரு பிப்ரவரியில். நோயில் படுத்து ஆறே வாரத்தில் எல்லாம் முடிந்தது. கிளிஃபோர்ட் கல்லறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு ஞாயிறு, நேரே கேட்டுவிடுவது என்று அவர் வாடகைக்கு எடுத்திருந்த கார்க் கொட்டகைக்குப் போனேன். தூரத்திலேயே எஞ்சின் சத்தம். கொட்டகைக் கதவு அகலத் திறந்திருந்தது. நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த காரின் ஸ்டியரிங் முன்னால் அவர் உட்கார்ந்து, இடப்பக்கம் திரும்பிக் கத்திக்கொண்டிருந்தார்.

"மார்கிரெட் பொண்ணு கடைக்கு வந்து நாலு சாசேஜ் கேக்குறா! நாலு! முன்னெல்லாம் எட்டு வாங்குவா! புருஷன் போயிட்டான் போல, எனக்குக் கேக்க வாய் வரல!"

நான் அப்படியே பின்வாங்கி வந்துவிட்டேன். கல்லறைக்கு ஏன் போகவில்லை என்று அதற்குப் பிறகு நான் கேட்கவே இல்லை. ஒருநாள் அவராகவே சொன்னார்: "அங்க கல்லுதான் இருக்கு, நெஸ்டா. அவ இங்க இருக்கா."

மூன்று வருடம் இப்படி ஓடியது. அப்புறம் இடது முழங்கால் போனது. அறுவை செய்தும் சரியாகவில்லை. கிளட்சை மிதித்தால் காலை எடுக்க முடியவில்லை, எடுத்தால் மறுபடி வைக்க முடியவில்லை. ஒருநாள் முச்சந்தியில் கியருக்கும் கிளட்சுக்கும் நடுவில் அவர் மாட்டிக்கொள்ள, பால் லாரிக்காரன் இறங்கி வந்து தள்ளிவிட்டுப் போனான்.

"வித்துத் தொலைங்க," என்றேன். ஆமாம், முதலில் சொன்னது நான்தான்.

"தொலைக்கறதுக்கு விக்க மாட்டேன்," என்றார். "நிக்கிற வண்டி செத்த வண்டி. ஆறு மாசம் நின்னா எலி உள்ள வரும், ரப்பர் காஞ்சு போவும், பிஸ்டன் ஒட்டிக்கும். அவ இங்க இருட்டுல உக்காந்து எலிக்கு நடுவுல என்ன பண்ணுவா? ஓட்டறவன் கையில குடுத்தா ஊரச் சுத்திக்கிட்டு இருப்பா."

இப்படி அவர் சொன்னபோது அதில் பைத்தியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. நியாயமாகவே பட்டது.

விலை கேட்டு வந்தவர்களை அவர் பரிசோதித்த அழகு இருக்கிறதே, பெண் பார்க்க வந்த வீட்டாரைக்கூட யாரும் அப்படிக் குடைந்திருக்க மாட்டார்கள். பர்மிங்ஹாமிலிருந்து ஒருவர் பளபள பூட்ஸோடு வந்தார். டயரை ஒரு எத்து எத்தி, "இன்னும் அஞ்சு வருஷத்துல வெலையில இது எங்கயோ போயிடும்ல?" என்றார். "நடந்து போவாது, ஓட்டினாத்தான் போவும். நீங்க ஓட்டற ஆளாத் தெரியல," என்று கிளிஃபோர்ட் கதவைக் காட்டிவிட்டார். அடுத்து ஒரு தம்பதி. கல்யாண வாடகைக்கு விட வெள்ளை நாடா கட்டலாமா என்று கேட்டார்கள். தேநீர்கூடக் கொடுக்கவில்லை.

மூன்றாவதாக வந்தவன் டோபி. செல்ட்னாம் பக்கத்தில் பல் மருத்துவன். முப்பத்தைந்து வயது இருக்கும். கொட்டும் மழையில், கூரையே இல்லாத தன் பழைய காரில், தொப்பலாக நனைந்து வந்து நின்று, நடுங்கிக்கொண்டே சிரித்தான். கிளிஃபோர்ட் முதலில் பார்த்தது அவன் நகத்தை. பல் மருத்துவன் நகத்தில் கிரீஸ் இருந்தது.

"மழையில எடுப்பியா தம்பி?"

"மழைக்குப் பயந்தா நம்ம ஊர்ல எந்த வண்டிய ஓட்ட முடியும் சார்?"

"அஞ்சு வருஷத்துக்குள்ள வித்துருவியா?"

"என் கையால எதையுமே வித்ததில்ல. அதான் எனக்கும் என் பொண்டாட்டிக்கும் சண்ட."

"கொட்டகையில ஈரம் உண்டா? வாரத்துக்கு எத்தன தடவ எடுப்ப? கிளட்ச் ரெண்டு தடவ மிதிச்சு கியர் மாத்தத் தெரியுமா?"

எல்லாவற்றுக்கும் பதில் சரியாக வந்தது. ஓட்டிக் காட்டச் சொன்னார். அன்றைக்குத்தான் கிளிஃபோர்ட் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தக் காரின் இடப்பக்கம் உட்கார்ந்தார். அந்த இருக்கை ஓல்வெனின் எடைக்கு நாற்பது வருடம் அமுங்கி அமுங்கிக் குழிந்திருந்தது. திரும்பி வந்து இறங்கினார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அங்கேருந்து பாத்தா ரோடே தெரியல, நெஸ்டா. வேலிதான் தெரியுது. இத்தன வருஷமும் அவ வேலியத்தான் பாத்துக்கிட்டு வந்திருக்கா. ஒரு வார்த்த சொல்லல."

"உங்களப் பாத்துக்கிட்டு வந்திருப்பா," என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல வார்த்தை எப்போதாவதுதான் வரும்.

கைகுலுக்கி வண்டியைக் கொடுத்தார். எல்லாம் கேட்டவர் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. மேல்கூட்டை அப்படியே வைத்திருப்பாயா என்று கேட்கவில்லை. அது அவர் மனதில் எழவே இல்லை. எங்கள் ஆட்கள் கணக்கில் கார் என்றால் எஞ்சினும் அடிச்சட்டமும்தான். மேல்கூடு சட்டை மாதிரி. மூடிய பழைய காரை வாங்கி, கூட்டைக் கழற்றி வீசிவிட்டு, பந்தயத்துக்குத் தோதாகத் திறந்த இரண்டு சீட்டுக் கூடு கட்டிக்கொள்வது இங்கே புதிதல்ல. பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். கிளிஃபோர்டுக்கு அது தெரியாதா? எனக்குத் தெரிவதைவிட நூறு மடங்கு தெரியும். ஆனால் தன் பெண்டாட்டி தைத்ததை யாரோ கழற்றுவான் என்று யாருக்குத்தான் தோன்றும்?

அவருக்கு இன்னொரு கொள்கை இருந்தது. விற்ற வண்டியின் பின்னால் போகக் கூடாது. பெர்சி என்று ஒருவர் தன் காரை விற்றுவிட்டு, வாங்கினவன் வீட்டுக்கு மாதாமாதம் போய் "இந்த எண்ணெய ஊத்தாத, அந்த பெயின்ட்ட அடிக்காத" என்று உயிரை வாங்கினார். பழைய கார்க்காரர்களின் கிளப்பில் எல்லோரும் பெர்சியைப் பார்த்துச் சிரிப்பார்கள், எல்லோரையும்விட உரக்க கிளிஃபோர்ட் சிரிப்பார். "பொண்ணக் கட்டிக் குடுத்தாச்சுன்னா சம்பந்தி வீட்டு அடுப்படியில போய் உப்பு பாக்கக் கூடாது," என்பார்.

அந்த அக்டோபரில் நான் அவர் வீட்டில் இருந்தேன். கொட்டகையை அதன் சொந்தக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. தொலைபேசி அடித்தது. அவருக்குக் காது மந்தம் என்பதால் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார். டோபி பேசியது எனக்கும் ஒன்று விடாமல் கேட்டது.

"பெடோஸ் சார், பின்சக்கரத்துக்கு மேல மரச்சட்டம் முழுக்க உளுத்துப்போச்சு. ஸ்க்ரூ டிரைவர வெச்சா உள்ள போயிடுது. திரும்ப அதே மாதிரி கட்டணும்னா ரெண்டு மூணு வருஷம் ஆகும். நான் வேற ஒன்னு யோசிக்கறேன். உங்ககிட்ட கேக்காம செய்ய மனசு வரல."

கிளிஃபோர்ட் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"சார்? அந்த மேல்கூடு உங்களுக்கு வேணுமா? வேணும்னா ட்ரெய்லர்ல ஏத்திட்டு வந்து விட்டுடறேன்."

"இனி அது உன் வண்டி, தம்பி."

"இல்ல சார், மரியாதைக்குக் கேக்கல. நெசமாவே கேக்கறேன்."

"உன் வண்டின்னு சொல்லிட்டேன்ல. நீ நெனச்சபடி செய்." ரிசீவரை வைத்துவிட்டார்.

"ஏன் வேணாம்னீங்க?" என்றேன்.

"வாங்கி எங்க வெக்கறது? பெர்சியப் பாத்து சிரிச்ச வாய்டி இது."

என் பண்ணையில் அறுபதடி நீளக் கொட்டகை ஒன்று காலியாகக் கிடந்தது. அது அவருக்குத் தெரியும். அவர் கேட்பார் என்று நான் இருந்தேன். என் அக்காவை நாற்பது வருடம் இழுத்துக்கொண்டு அலைந்த வண்டிக்கு நானாக இடம் கொடுக்க வேண்டுமா என்கிற வீம்பும் இருந்தது. இல்லையென்று சொன்னால் அது பொய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் இருவருக்குமே வாய் இருந்தது. இரண்டும் அன்றைக்குத் தேநீர் குடிக்க மட்டும் திறந்தன.

அடுத்த ஜூலையில் டோபியிடமிருந்து கடிதம் வந்தது. ஷெல்பரி மேட்டில் பழைய கார்களின் மலையேற்றப் பந்தயம், கட்டாயம் வரவேண்டும், ஒரு ஆச்சரியம் காத்திருக்கிறது என்று எழுதியிருந்தான். கிளிஃபோர்ட் டை கட்டிக்கொண்டார். ஷேவ் செய்ததில் கன்னத்தில் ஒரு வெட்டு. என் பிக்கப் வண்டியில் போனோம். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். சட்டத்தை மட்டும் மாற்றியிருப்பான், துணியைக் கழற்றிப் பத்திரமாக மறுபடி போட்டிருப்பான், பல் மருத்துவன் கை சுத்தமான கை, நுணுக்கமான கை. அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

புல்வெளியில் வரிசை வரிசையாகக் கார்கள். எண்ணெய் வாசனை, பன்றிக்கறி ரொட்டி விற்கிறவனின் கூச்சல், எங்கே பார்த்தாலும் குனிந்த முதுகுகள். கிளிஃபோர்ட் கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு வரிசையாக நடந்தார். அவர் தலை நிமிர்ந்தே இருந்தது. உயரமான கறுப்புக் கூரையைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு சின்னக் காரை அவர் இரண்டு முறை கடந்து போனார். அலுமினியத் தகட்டில் செய்த குள்ளமான திறந்த வண்டி, மீன் வால் மாதிரி பின்பக்கம். நம்பர் பலகையை நான்தான் முதலில் பார்த்தேன். அவரைக் கூப்பிடாமல் பின்னாலேயே நடந்தேன்.

மூன்றாவது முறை அவரே நின்றார். குனிந்து ரேடியேட்டரின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா!" என்று டோபி ஓடி வந்தான். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தில் ஒரு பொட்டு கள்ளம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. கெட்டவனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கேட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன். "எப்படி சார் இருக்கா? நாலு மூட்ட சிமென்ட் எடை கொறைஞ்சிருக்கு! இப்பத்தான் இவளுக்கு மூச்சே வருது!"

"நல்லா செஞ்சிருக்க," என்றார் கிளிஃபோர்ட். மழை வருமா என்று கேட்கிற குரலில் அடுத்ததைக் கேட்டார். "பழைய மேல்கூடு?"

"நீங்க வேணாம்னுட்டீங்களா, ஊர் சொக்கப்பனைக்குக் குடுத்துட்டேன், நவம்பர் அஞ்சுக்கு. ஆஷ் மரமாச்சே, என்னமா எரிஞ்சுது தெரியுமா! வருஷா வருஷம் அன்னிக்கு எரிக்கற வைக்கோல் பொம்மைய பசங்க உள்ள சீட்டுல உக்கார வெச்சாங்க. ஊரே கூடிப் பாத்துது."

எந்த சீட்டில் என்று நான் கேட்கவில்லை.

"சீட்டெல்லாமும்?" என்றார் கிளிஃபோர்ட்.

"எல்லாமேதான் சார். உள்ள எலி கூடு கட்டியிருந்துச்சு."

நான் வாயைத் திறந்தேன். டேய், அது என் அக்கா கையால் தைத்ததடா, இரண்டு குளிர்காலம் விரலில் ரத்தம் வரத் தைத்ததடா என்று அந்தப் புல்வெளி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தப் போனேன். கிளிஃபோர்ட் என் மணிக்கட்டைப் பிடித்தார். கறி வெட்டிய கை. பிடித்தால் அசைய முடியாது.

"ஆஷ் பச்சையா இருந்தாலே எரியும்," என்று அவனிடம் சொன்னார். "காஞ்சதுன்னா கேக்கவே வேணாம்."

மதிய இடைவேளையில் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஒரு ஓட்டம் ஓட்டலாம். டோபி விடவில்லை. வாங்க சார், வாங்க சார் என்று ஒரு தோல் தொப்பியை அவர் தலையில் மாட்டி, முழங்காலைப் பிடித்து மெதுவாக மடக்கி இடப்பக்கம் உட்கார வைத்தான். மாட்டேன் என்று சொல்ல கிளிஃபோர்டுக்குத் தெரியவில்லை. அது அவன் வண்டி, அவன் கூப்பிடுகிறான். மறுப்பது மரியாதை இல்லை.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். கொடி இறங்கியது. அந்த எஞ்சின் சத்தம் எனக்கு நாற்பது வருடப் பழக்கம். ஆனால் அது அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. முதல் வளைவை அது கத்தியால் வெட்டினாற்போல எடுத்தது. மேலே போய்த் திரும்பி, என் பக்கமாக இறங்கி வந்தபோது கிளிஃபோர்டின் முகத்தைப் பார்த்தேன். வாய் அகலத் திறந்திருந்தது. ஒரு கை கதவு விளிம்பைப் பிடித்திருந்தது, மறு கை காற்றில். எழுபது வயது மனிதர் பத்து வயதுப் பையனைப் போலச் சிரித்துக்கொண்டிருந்தார்.

இறங்கி டோபியின் கையைக் குலுக்கினார், நன்றி சொன்னார். எதிரே வந்த இரண்டு கிளப் நண்பர்களிடம் அந்தக் காரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னார். என் வண்டியில் ஏறி பெல்ட்டை மாட்டிக்கொண்டார். புல்வெளியைத் தாண்டி, கிராமத்தைத் தாண்டி, பெரிய சாலைக்கு வந்தோம்.

"நான் சிரிச்சேன், நெஸ்டா," என்றார்.

"பாத்தேன்."

"மேல போற வரைக்கும் சிரிச்சேன். எறங்கற வரைக்கும் சிரிச்சேன். அவ பயப்படுவாளேன்னு நாப்பது வருஷம் முப்பத்தஞ்சு மைலுக்கு மேல அழுத்தினதில்ல. அந்த வண்டியால இவ்வளவு முடியும்னு இன்னிக்குத்தான் தெரியும். அவ நெனப்பே வரல எனக்கு. ஒரு நொடி கூட வரல."

"அதுல என்ன தப்பு? நீங்க சிரிச்சத பாத்திருந்தா அக்கா சந்தோஷந்தான் பட்டிருப்பா."

"பட்டிருப்பா," என்றார். தொப்பி அழுத்திய கோடு நெற்றியில் சிவப்பாக இருந்தது. "இத்தன நாளும் நான் ஒன்னு சொன்னா அவ கேப்பா, நெஸ்டா. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம கேப்பா. இனி சந்தோஷப்படறதுன்னா எங்க உக்காந்து படுவா, சொல்லு? அவ உக்கார்ற எடம் உங்களுக்கு வேணுமான்னு அவன் போன் போட்டுக் கேட்டான். நான் வேணாம்னுட்டேன்."

எனக்கு எப்போதும் பதில் இருக்கும், ஊருக்கே தெரியும். அன்றைக்கு ஒரே ஒரு பதில்தான் இருந்தது. அதை நான் அக்டோபரிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

"என் கொட்டக காலியாத்தான் இருந்துது, கிளிஃப்," என்றேன்.

"தெரியும்," என்றார்.

அதற்கு மேல் என்னால் ஓட்ட முடியவில்லை. சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்தினேன். அவர் இடப்பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியோடு ஒட்டினாற்போல் நின்ற வேலியைப் பார்த்துக்கொண்டு, முகத்தைக் கையால் மூடிக்கொள்ளாமல், ஓசையே இல்லாமல் அழுதார். நான் அவர் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்தேன். அது என் அக்கா செய்த வேலை. வைக்கவில்லை.